ரஜூலா போன கடலில் ஓர் உல்லாசக் கப்பல்

1926-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஒரு கப்பல் கட்டி இறக்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தமான அதன் பெயர் ரஜூலா. கொள்ளளவு 8,478 டன். சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர் வரை போய்த் திரும்புவதுதான் அதன் வேலை. அந்தச் சிறிய கப்பலில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள உரிமம் தரப்பட்டிருந்தது.

1990-ல் பிரான்ஸின் சான் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் இன்னொரு கப்பல் பிறந்தது. மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நாள், நான்கு நாள் உல்லாசப் பயணம் போவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட அதற்கு நோர்டிக் எம்பிரஸ் என்று பெயர் வைத்தார்கள். கொள்ளளவு 48,000 டன்னுக்கும் மேல். ஏறத்தாழ 1,800 பேர் தங்கலாம். பல ஆண்டுகள் அமெரிக்கக் கடல்களில் ஓடிய பிறகு அது இந்தியாவுக்கு வந்தது. கார்டிலியா குரூஸ் நிறுவனத்தின் எம்பிரஸ் என்ற பெயரில், 2022 ஜூன் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்க, சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது.

இரண்டும் ஓடியது ஒரே வங்கக் கடலில். ரஜூலா எம்பிரஸில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் அதில் ஏறிய கூட்டம் ஏறத்தாழ மூன்று மடங்கு. அன்றைய பயணிக்குப் படுக்கை கிடையாது, ஆனால் கப்பல் போய் நிற்க ஊர்கள் வரிசையாக இருந்தன. இன்றைய பயணிக்கு நீச்சல் குளம் முதல் நாடக அரங்கு வரை எல்லாம் இருக்கிறது, ஆனால் இறங்கிப் பார்க்க ஊர் குறைவு. தமிழகக் கடற்கரையில் உல்லாசக் கப்பல் தொழில் நிலைக்குமா என்ற கேள்விக்கான விடை இந்த வேறுபாட்டுக்குள்தான் இருக்கிறது.

பிழைப்புக்காகக் கடந்த கடல்

நாகூரிலும் காரைக்காலிலும் எழுபது வயதைக் கடந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தில் ரஜூலா வந்துவிடும். அவர்களுடைய அப்பாவோ அத்தாவோ சித்தப்பாவோ அதில் போயிருப்பார். சிலர் குழந்தையாக அம்மாவின் இடுப்பில் இருந்து அதில் ஏறியிருப்பார்கள். 'சபுராளி' (கடல் கடந்து போய்ச் சம்பாதித்தவர்) வீடுகள் நிறைந்த தெருக்களில் கப்பல் வரும் நாள் என்பது சம்பளம் வரும் நாள், கடிதம் வரும் நாள், கோடாலித் தைலமும் கைலியும் வரும் நாள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணைவதில்லை. ஆழம் போதாது. கடலுக்குள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து படகுகளில் ஆட்களையும் தகரப் பெட்டிகளையும் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அலை இருக்கும் நாளில் படகும் கப்பலும் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் சரியான நொடி பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். பெண்களையும் குழந்தைகளையும் தூக்கிவிடுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள்.

ஏறியதும் முதல் வேலை இடம் பிடிப்பது. பாயை விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, கூட வந்த உறவுக்காரர்களைச் சுற்றிலும் உட்காரவைத்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு அதுதான் வீடு. தலை சுற்றலுக்கு நார்த்தங்காய் ஊறுகாய். காற்று வேண்டுமென்றால் மேல் தளம், மழை வந்தால் கீழ் தளம். கீழே புழுக்கமும் எண்ணெய் வாடையும் வாந்தி நாற்றமும். அந்தத் தளத்தில்தான் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன ஆயிரமாயிரம் குடும்பங்கள் கிடந்தன. கங்காணி ஆள் சேர்த்துக் கொண்டுவருவார். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைத்து, உடல் சோதனை முடித்து, கப்பலேற்றுவார்கள். அக்கரை சேர்ந்ததும் நேரே ஊருக்குள் போய்விட முடியாது. பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவிலோ, சிங்கப்பூருக்கு வெளியே செயின்ட் ஜான்ஸ் தீவிலோ தொற்றுநோய்த் தடுப்புக் காவலில் இருந்துவிட்டுத்தான் கரையேற வேண்டும்.

இதில் ஏக்கம் கொள்ள ஒன்றுமில்லை. அந்தப் பயணங்கள் வறுமையும் வஞ்சனையும் கலந்தவை. தோட்டத் தொழிலாளர்களை உதவித்தொகை கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-ல் தடை செய்ததற்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் அந்தக் கப்பல்கள் செய்த இன்னொரு வேலையையும் மறந்துவிடக் கூடாது. அவை இரண்டு கரைகளையும் ஒரே சமூகமாகத் தைத்து வைத்திருந்தன. நாகூர் தர்காவுக்குப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நினைவுத் தலங்கள் எழுந்ததும், செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மா தேக்கு வந்து சேர்ந்ததும், இந்தக் கடல் வழியால்தான். கப்பல் நின்ற ஒவ்வொரு துறையிலும் படகுக்காரர், கூலிக்காரர், சோற்றுக் கடைக்காரர், பண மாற்றுக்காரர், சத்திரக்காரர் என்று ஒரு கூட்டமே பிழைத்தது.

தெற்கே இலங்கைப் பாதை. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னை எழும்பூரில் ஏறிய பயணி ஒரே சீட்டில் கொழும்பு வரை போக முடிந்தது. தனுஷ்கோடியில் ரயிலை விட்டிறங்கிக் கப்பல், தலைமன்னாரில் கப்பலை விட்டிறங்கி ரயில். போட் மெயில் என்ற பெயர் இன்றும் அந்த ரயிலுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கும் முன்பே, 1906-ல், வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டமாக்கிப் போட்டியிட்டது. 1908-ல் அவர் சிறைக்குப் போக, கம்பெனி நொடித்தது. பயணிகள் கப்பல் என்பது இங்கே அரசியலாகவும் மானப் பிரச்சினையாகவும் இருந்திருக்கிறது.

வழி அடைபட்ட ஆண்டுகள்

இந்தப் பாதைகள் ஒரே நாளில் மூடவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, ராமானுஜம் என்ற பெயரில் தலைமன்னாருக்கு இன்னும் இருபது ஆண்டுகள் ஓடியது. 1980-களில் இலங்கையில் போர் வெடித்ததும் அதுவும் நின்றது.

கிழக்குப் பாதையைக் கொன்றவை விமானமும் குடியுரிமைச் சட்டமும். மலாயாவும் சிங்கப்பூரும் விடுதலை பெற்ற பிறகு, நினைத்தபோது போய் வேலை பார்த்து நினைத்தபோது திரும்பும் காலம் முடிந்தது. 47 ஆண்டு உழைத்த ரஜூலாவை 1973-ல் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா வாங்கி ரங்கத் என்று பெயர் மாற்றியது. விரைவிலேயே அது உடைக்கப் போனது. அதன் இடத்துக்கு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1966-ல் பாஸ்தர் என்ற பெயரில் பிரெஞ்சுக்காரர்கள் தென்னமெரிக்கப் பயணத்துக்காகக் கட்டிய அழகான கப்பல் அது. டெக்கில் பாய் விரித்த காலம் போய், பங்க் படுக்கைகள் வந்தன. 1985 பிப்ரவரியில், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில், நடுக்கடலில் அதில் தீப்பிடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கப்பல் பிறகு ஓடவில்லை. அதோடு சென்னை–சிங்கப்பூர் பயணிகள் கப்பல் என்ற அத்தியாயமே முடிந்தது.

முற்றிலும் முடிந்துவிடாத ஒன்று அந்தமான் பாதை. சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு, இன்றைய பெயரில் ஸ்ரீ விஜயபுரத்துக்கு, மூன்று நாள் பயணம் இன்றும் உண்டு. பங்க் வகுப்பில் கூலித் தொழிலாளர்களும் மாணவர்களும் சிறு வியாபாரிகளும் மூட்டை முடிச்சோடு போகிறார்கள். பயணிகள் கப்பல் என்பது தமிழகத்துக்குப் புதிதாக வந்த வசதி என்று யாராவது சொன்னால், அந்தக் கப்பல் புறப்படும் நாளில் துறைமுக வாசலில் போய் நின்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்று: போய்ச் சேரும் ஊர் இல்லாத பயணம்

2022-ல் எம்பிரஸ் வந்தபோது சென்னையில் எழுந்த ஆர்வம் உண்மையானது. துறைமுகத்தின் பயணிகள் முனையத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டையை வாங்கிக்கொண்டு ஏறினால், அந்த அட்டைதான் அறைச் சாவி, அடையாளச் சீட்டு, பணப்பை மூன்றும். முதல் வேலையாக உயிர்காப்புப் பயிற்சி. பிறகு சாப்பாடு. ஜைன சமையல் முதல் இட்லி வரை தனித்தனி வரிசைகள். பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கூடம், பெரியவர்களுக்கு இரவு நிகழ்ச்சிகள், சூதாட்ட அறை. தாத்தா பாட்டியோடு வந்த குடும்பங்கள், மணிவிழா கொண்டாட வந்தவர்கள், நிறுவனச் செலவில் வந்த விற்பனைப் பிரதிநிதிகள் என்று, கப்பலையே முதல்முறை பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும். நிலம் கண்ணைவிட்டு மறையும்போது மேல் தளத்தில் கூடி நின்ற முகங்களில் இருந்த வியப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அன்று விற்பனையான பயணங்களில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் நாள் மாலை சென்னையில் புறப்பாடு. மறுநாள் முழுதும் கடல். மூன்றாம் நாள் மீண்டும் சென்னை. நடுவில் எந்த ஊரும் கிடையாது. நீண்ட பயணத்தில் விசாகப்பட்டினமும் புதுச்சேரியும் இருந்தன. ஆனால் கப்பலில் சூதாட்டம் நடக்கிறது என்ற எதிர்ப்பு கிளம்பியதால் 2022-ல் புதுச்சேரி கப்பலுக்கு அனுமதி தரவில்லை. மூன்றாண்டு கழித்து 2025 ஜூலையில்தான் எம்பிரஸ் அங்கே பயணிகளை இறக்கியது. அப்போதும் எதிர்ப்பு இருந்தது. கப்பல் கரைக்கு வரவில்லை. கடலில் நங்கூரமிட்டு நின்றது. பயணிகளைப் படகுகளில் ஏற்றித்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நூறாண்டுக்கு முன் நாகப்பட்டினத்தில் ரஜூலா நின்ற அதே நிலை. நம் கடற்கரை ஊர்களில் பயணிகள் கப்பலுக்கான கட்டமைப்பு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

உல்லாசக் கப்பலின் கணக்கு வேறு மாதிரியானது. ரஜூலாவுக்கு வருமானம் பயணச் சீட்டிலும் சரக்கிலும். உல்லாசக் கப்பலுக்குச் சீட்டு வருமானத்தில் பாதி கதைதான். மது, சூதாட்டம், சிறப்பு உணவகம், அழகு நிலையம், படம் எடுத்துத் தருவது, கரைச் சுற்றுலா என்று ஏறியவர் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் கணக்கில் சேர்கிறது. அதனால் பயணியைக் கப்பலுக்குள்ளேயே வைத்திருப்பதில் கம்பெனிக்கு நட்டம் ஒன்றும் இல்லை. ஊருக்குத்தான் நட்டம். கப்பல் கரையைத் தொடாமல் திரும்பினால் ஆட்டோக்காரருக்கோ, வழிகாட்டிக்கோ, பட்டு நெசவாளிக்கோ அதில் ஒரு காசும் வராது.

இந்த நிலையை மாற்றக்கூடிய ஒரு பயணம் 2023-ல் நடந்தது. ஜூன் 5 அன்று மத்திய அமைச்சர் சர்வானந்த சோனோவால் சென்னையிலிருந்து முதல் பன்னாட்டு உல்லாசக் கப்பல் பயணத்தைத் தொடங்கிவைத்தார். எம்பிரஸ் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைகளுக்குப் போனது. காங்கேசன்துறை போர்க்காலத்தில் பல ஆண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டுக் கிடந்த இடம். அங்கே ஒரு பயணிகள் கப்பல் வந்து நின்றதும், சென்னைக் குடும்பங்கள் இறங்கி யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் பார்த்ததும், சுற்றுலாப் புள்ளிவிவரத்துக்குள் அடங்கும் செய்தி இல்லை. நல்லூர்க் கோயில் வாசலில் தேங்காய் விற்பவருக்கும், பனங்கட்டியும் பனங்கிழங்கும் விற்கும் பெண்ணுக்கும் அந்தக் கப்பலிலிருந்து வருமானம் போனது. உல்லாசக் கப்பல் ஓர் ஊருக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே செரியபாணி என்ற 150 இருக்கை விரைவுப் படகு ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 60 கடல் மைல். நாலு மணி நேரத்துக்குள் அக்கரை. ஒரு வாரத்துக்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிட, சேவை நின்றது. 2024 ஆகஸ்ட் 16 முதல் சிவகங்கை என்ற கப்பல் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இது உல்லாசக் கப்பல் இல்லைதான். உறவினரைப் பார்க்கவும் கோயிலுக்குப் போகவும் வியாபாரத்துக்கும் போய் வருகிறவர்களின் கப்பல். ஆனால் குடியகல்வு அலுவலகமும் சுங்கமும் பயணிகள் முனையமும் நாகப்பட்டினத்தில் மீண்டும் உயிர் பெற்றது இந்தச் சிறு கப்பலால்தான். 2004 சுனாமியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டத்தில், கடல் வழியாக ஒரு நல்ல செய்தி வந்த தருணம் அது.

பருவம் சொல்லும் பாடம்

நம் கரையின் உல்லாசக் கப்பல் தொழிலைப் புரிந்துகொள்ளக் காற்றின் கணக்கு தெரிய வேண்டும். எம்பிரஸின் அடிப்படை ஊர் மும்பை. அக்டோபரிலிருந்து மே வரை கோவா, கொச்சி, லட்சத்தீவு என்று அரபிக் கடலில் ஓடும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும்போது கிழக்கே வரும். அதனால்தான் சென்னையில் கொடியசைத்த இரண்டு ஆண்டுகளும் ஜூன் மாதமாகவே இருந்தன. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இங்கே தொடங்கும் முன் கப்பல் மேற்கே திரும்பிவிடும். சென்னை இதுவரை மும்பையின் மழைக்கால ஒதுங்குமிடமாகத்தான் இருந்திருக்கிறது.

இதில் ஒரு வாய்ப்பும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை வங்கக் கடல் அடங்கி இருக்கும். உலகம் சுற்றும் வெளிநாட்டு உல்லாசக் கப்பல்கள் இந்தியாவைத் தொடும் பருவமும் அதுதான். அவற்றில் சில சென்னையில் ஒருநாள் நின்று, பயணிகளை மாமல்லபுரத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் பேருந்தில் அனுப்பிவிட்டுப் போகின்றன. இந்தப் பருவத்தையும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவத்தையும் சேர்த்தால் ஆண்டில் ஏழு மாதம். ஒரு தொழில் காலூன்ற அது போதும். ஆனால் ஏழு மாதமும் ஓடுவதற்கு ஒரு கப்பலாவது சென்னையைத் தன் சொந்தத் துறைமுகமாகக் கொள்ள வேண்டும்.

அது ஏன் முக்கியம் என்றால், கப்பல் நின்றுபோகும் ஊருக்கும் கப்பல் புறப்படும் ஊருக்கும் வருமானத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. புறப்படும் துறைமுகத்தில்தான் ஆயிரக்கணக்கானோருக்கு வேண்டிய அரிசியும் காய்கறியும் முட்டையும் மீனும் பாலும் ஏற்றப்படும். துணிகள் சலவைக்குப் போகும். குடிநீர், எரிபொருள், பழுது பார்ப்பு எல்லாம் அங்கே. வெளியூர்ப் பயணிகள் முந்தின இரவே வந்து ஓட்டலில் தங்குவார்கள். கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் வரை அந்தப் பணம் பரவும்.

கொச்சி இதை முன்பே புரிந்துகொண்டது. 2021-ல் எர்ணாகுளம் வார்ஃபில் சாகரிகா என்ற பயணிகள் முனையம் திறந்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் இந்தியாவில் விரும்பி நிற்கும் துறைகளில் கொச்சி முன்வரிசையில் இருக்கிறது. கப்பலை விட்டிறங்கிக் கொஞ்ச தூரத்தில் மட்டாஞ்சேரி, சீன வலைகள், படகு வீடுகள். விசாகப்பட்டினம் 2023-ல் ஏறத்தாழ 96 கோடி ரூபாயில் தன் முனையத்தைத் திறந்தது. மும்பையில் 2025 செப்டம்பரில் பெரிய பன்னாட்டு முனையம் வந்துவிட்டது. மத்திய அரசு 2024 செப்டம்பர் 30 அன்று மும்பையில் குரூஸ் பாரத் திட்டத்தை அறிவித்தது. 2029-க்குள் கடல் உல்லாசப் பயணிகளை 10 லட்சமாக உயர்த்துவது, 10 கடல் முனையங்கள், நான்கு லட்சம் வேலைவாய்ப்புகள் என்பவை அதன் இலக்குகள். வெளிநாட்டு உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் இந்தியாவுக்கு வரத் தயங்கியதற்கு வரிக் குழப்பமும் ஒரு காரணம். அதற்காக 2024 பட்ஜெட்டில் எளிய வரி முறை ஒன்று அறிவிக்கப்பட்டது. எம்பிரஸை இயக்கும் நிறுவனமும் ஓர் அமெரிக்கக் கம்பெனியிடமிருந்து இன்னும் இரண்டு கப்பல்களைச் சேர்க்கப்போவதாக அறிவித்திருக்கிறது.

கிழக்கே, ரஜூலா போய் நின்ற சிங்கப்பூரைப் பாருங்கள். 2012-ல் மரினா பே குரூஸ் சென்டரைத் திறந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் உல்லாசக் கப்பல் பயணிகளை அந்தச் சிறு தீவு கையாள்கிறது. டிஸ்னி நிறுவனம் ஆசியாவுக்கான தன் பெரிய கப்பலுக்குச் சிங்கப்பூரையே தாய்த்துறைமுகமாகத் தேர்ந்தெடுத்தது. சிங்கப்பூரிடம் காட்டுவதற்கு நம்மைவிட அதிகமான கோயில்களோ கோட்டைகளோ கிடையாது. அதனிடம் இருப்பது, சுற்றிலும் பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் என்று ஓரிரு இரவு தூரத்தில் பல ஊர்கள். கப்பல் எங்கே போவது என்று அங்கே யோசிக்க வேண்டியதே இல்லை.

என்ன செய்தால் நிலைக்கும்

இதிலிருந்து நமக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். உல்லாசக் கப்பல் தொழில் கப்பலால் வளர்வதில்லை, ஊர்களால் வளர்கிறது. ஓரிரு இரவு தூரத்தில் இறங்கக்கூடிய நாலைந்து ஊர்கள் இல்லாத கடலில், எவ்வளவு பெரிய கப்பல் வந்தாலும் இரண்டு பருவத்துக்குப் பிறகு புதுமை தீர்ந்துவிடும். 2011-ல் நமக்கு இந்தப் பாடம் ஒருமுறை கிடைத்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பெரிய கப்பல் ஜூனில் ஆரவாரமாகத் தொடங்கி நவம்பரில் நின்றது. அதே ஆண்டு சென்னையில் ஆமெட் மெஜஸ்டி என்ற உல்லாசக் கப்பலும் அறிமுகமானது, அதுவும் நீடிக்கவில்லை. தொடக்க விழாக்களுக்குக் குறை இருந்ததில்லை. தொடர்ந்து போய் வருவதற்கான காரணத்தைத்தான் நாம் உண்டாக்கவில்லை.

நம் கடலில் ஊர்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையிலிருந்து தெற்கே வந்தால் புதுச்சேரி, காரைக்கால், நாகப்பட்டினம். நாகையில் இறங்கினால் வேளாங்கண்ணியும் நாகூரும் பத்து, இருபது நிமிடம். தரங்கம்பாடியின் டேனியக் கோட்டை ஒரு மணி நேரத்துக்குள். கடலைத் தாண்டினால் காங்கேசன்துறை, திருகோணமலை. தெற்கே தூத்துக்குடி, கொழும்பு. கிழக்கே அந்தமான். இவை ஒவ்வொன்றும் ரஜூலா காலத்திலோ போட் மெயில் காலத்திலோ நமக்குப் பழகிய துறைகள். மூன்று மதத்தவரும் நேர்ந்துகொண்டு வரும் தலங்கள் ஒரே துறைமுகத்தைச் சுற்றி அமைந்த இடம் உலகில் எத்தனை இருக்கும்? அங்கே பயணிகள் பாதுகாப்பாக இறங்க நல்ல படகுத்துறை, கழிப்பறை, நிழல், தரமான உள்ளூர் வாகனங்கள், தமிழோடு ஆங்கிலமும் இந்தியும் பேசத் தெரிந்த பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் என்று தொடங்கினாலே பாதி வேலை முடியும். இதற்குப் பல நூறு கோடி தேவையில்லை.

அடுத்து, பெரிய கப்பலுக்காகக் காத்திருப்பதைவிடச் சிறிய கப்பல்களை ஊக்குவிப்பது நம் கரைக்குப் பொருந்தும். சென்னை, தூத்துக்குடி போன்ற பெரிய துறைகளை விட்டால் நம் கரையில் ஆழம் குறைவு. இருநூறு, முந்நூறு பேர் ஏறும் கப்பல் நாகைக்கு வரலாம். 48,000 டன் கப்பல் வர முடியாது. நாகை–காங்கேசன்துறை பயணிகள் சேவையை மானியம் கொடுத்தாவது விடாமல் ஓட்ட வேண்டும். அது நட்டக் கணக்கில் எழுதப்படும் செலவு இல்லை. குடியகல்வும் சுங்கமும் பழகிய ஊழியர்களும் அந்தச் சேவையால்தான் நிலைத்திருக்கிறார்கள். உல்லாசக் கப்பல் பின்னால் வந்து அதே வாசலைப் பயன்படுத்திக்கொள்ளும்.

மூன்றாவது, வேலை. தமிழ் இளைஞர்கள் ஏராளமானோர் உலக உல்லாசக் கப்பல்களில் சமையல்காரர்களாக, அறைப் பணியாளர்களாக, பொறியாளர்களாக வேலை பார்க்கிறார்கள். அவர்களில் பலர் ஏஜென்டுகளிடம் லட்சக்கணக்கில் பணம் கட்டி ஏமாந்த கதைகளையும் கேட்டிருக்கிறோம். இங்கே ஒரு கப்பல் தாய்த்துறைமுகம் கொண்டால், அதன் பணியிடங்களில் ஒரு பங்கு கடலோர மாவட்டப் பிள்ளைகளுக்கு முறையான பயிற்சியோடு கிடைக்க அரசு ஒப்பந்தத்திலேயே வழி செய்ய வேண்டும். நூறாண்டுக்கு முன் கப்பலின் அடித்தளத்தில் கிடந்தவர்களின் கொள்ளுப்பேரன்கள் அதன் மேல்தளத்தில் அதிகாரிகளாக நிற்பது நியாயமான மாற்றம்.

கடைசியாக, எல்லை. வெனிஸ் 2021-ல் பெரிய கப்பல்களை நகரின் நடுக் கால்வாய்ப் பகுதியிலிருந்து விலக்கியது. அலாஸ்காவின் ஜூனோ நகரம் 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு வைத்தது. கிரேக்கத்தின் சாண்டோரினியும் அதே வழியில் போகிறது. இந்த ஊர்கள் முதலில் கதவைத் திறந்துவிட்டு, கூட்டம் மூச்சை அடைத்த பிறகு பாதி மூடியவை. நாம் திறக்கும்போதே அளவு வைத்துத் திறக்கலாம். மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளும் கடல் பசுக்களும் மீண்டு வர இன்னொரு கடல் கிடையாது. கப்பலின் கழிவுநீரும் எரிபொருளும் கண்காணிக்கப்பட வேண்டும். கப்பல் வரும் நேரமும் வழியும் மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து முடிவு செய்யப்பட வேண்டும். வலை அறுந்தால் இழப்பீடு யார் தருவது என்பது முதல் கப்பல் வருவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். உலக அளவில் இந்தத் தொழில் எவ்வளவு நிலையற்றது என்பதையும் மறக்கக் கூடாது. ஆசியாவின் உல்லாசக் கப்பல் தொழிலையே வளர்த்தெடுத்த ஸ்டார் குரூசஸின் தாய் நிறுவனம், கொரோனா அடியில் 2022-ல் நொடித்தது. ஒரே கம்பெனியை நம்பி ஊரைக் கட்டினால் அந்தக் கம்பெனியோடு ஊரும் மூழ்கும்.

ரஜூலாவின் காலம் திரும்ப வேண்டாம். பசியால் கப்பலேறும் நிலை எந்தத் தலைமுறைக்கும் வரவேண்டாம். அந்தக் காலத்திடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, கரைகளை இணைத்த அதன் வழித்தடத்தை மட்டும்தான். இனி ஒவ்வொரு பருவம் முடியும்போதும் கப்பலில் எத்தனை ஆயிரம் பேர் ஏறினார்கள் என்று அறிக்கை வெளியிடும் அதிகாரிகளிடம் வேறொரு கணக்கையும் கேட்போம். எத்தனை ஊர்களில் இறங்கினார்கள், எத்தனை மணி நேரம் இருந்தார்கள், அந்த ஊர்க்காரர் கையில் எவ்வளவு பணம் தங்கியது? இந்த மூன்றுக்கும் விடை ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தால் வங்கக் கடலில் உல்லாசக் கப்பல் தொழில் வேர் பிடித்துவிட்டது என்று நம்பலாம். உயரவில்லை என்றால், நாம் கொடியசைத்து அனுப்புவது வேறொரு ஊரின் வருமானத்தைத்தான்.